உண்பது எவ்வளவு, உழைப்பது எவ்வளவு?



திருமண வீடுகளுக்குப் பந்தலும் விரிப்பும் வாடகைக்குத் தரும் குடும்பமொன்றைக் காண அண்மையில் பாப்பாரப்பட்டியில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். முற்றத்தில் குவிந்து கிடந்த விரிப்புகளைக் கழியால் அடித்துக்கொண்டிருந்த தாயார், நம்மைக் கண்டதும் "வாங்க சாமி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தவாறே வரவேற்றார். அடுத்த சொல் வெளிவருமுன் இருமல் அவரை மடக்கிவிட்டது. ஊரார் மிதித்த செம்மண் எல்லாம் இந்த அம்மையின் நெஞ்சில் குடியேறிவிட்டதோ என்று எண்ணி வருந்தினோம்.

மகன் அதற்கொரு வழி தேடி வைத்திருந்தார். நீரைத் தெளித்து, தேய்த்து, அழுக்கோடு அந்நீரைத் திரும்ப உறிஞ்சி எடுக்கும் சிறு இயந்திரங்கள் இரண்டைக் கடையில் பார்த்து வந்திருந்தார். ஒன்று 1,600 வாட், மற்றது 1,000 வாட். விலையிலும் பெரும் வேறுபாடு. "பெரிய மோட்டார்தானே சாமி நல்லா இழுக்கும்? கடன் வாங்கியாவது அதையே வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார்.

கடன் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் சற்று நிதானித்தோம். வாட் என்பது இயந்திரம் உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது செய்யும் வேலையின் அளவன்று. மிகுதியாக உண்பவன் மிகுதியாக உழைப்பான் என்பதற்கு உறுதி உண்டோ? உழவர் குடும்பங்களுக்கு இது புதிதன்று. கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினாலும், குழாயில் கசிவிருந்தால் வரப்புக்கு நீர் வந்து சேராது. மோட்டாரின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகவும் ஓசையாகவும் போய்விடுகிறது. எஞ்சியதே உறிஞ்சும் வேலைக்கு வருகிறது.

அந்த வேலையை அளக்க இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று இழுப்பு, அதாவது எவ்வளவு உயரத்திற்கு நீரைத் தூக்க வல்லது என்பது. மற்றது காற்றோட்டம், வினாடிக்கு எத்தனை லிட்டர் காற்று உட்செல்கிறது என்பது. குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பாருங்கள். இழுப்பு உச்சத்தில் இருக்கும். ஆனால் காற்று ஓடாமையால் ஒரு துகளும் நகராது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். 10,000 பாஸ்கல் இழுப்பில், வினாடிக்கு 20 லிட்டர் காற்று ஓடினால், உண்மையான உறிஞ்சும் திறன் 200 வாட். பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணை விட்டுவிட்டு, இவ்விரண்டு எண்களையும் கடைக்காரரிடம் கேட்பதே முறை.

ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுத் தூசி உறிஞ்சும் கருவிகளுக்கு 2014 செப்டம்பரில் 1,600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் வரம்பு விதித்தது. நீர் கொண்டு துலக்கும் இயந்திரங்கள் அச்சட்டத்திற்குள் வாரா. ஆயினும் பாடம் ஒன்றே: காற்று செல்லும் வழியையும் வாய்ப்பகுதியையும் செம்மையாக அமைத்தால், சிறிய மோட்டாரும் நன்கு உழைக்கும்.

மின் இணைப்பையும் மறத்தலாகாது. 230 வோல்ட்டில் 1,600 வாட் இயந்திரம் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். வீட்டின் சாதாரண 6 ஆம்பியர் துளைப்பெட்டி அதைத் தாங்காது. 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். 1,000 வாட்டிற்கு நாலரை ஆம்பியருக்குள் போதும். மாலை வேளையில் மின்னழுத்தம் இறங்கினால், எழுதப்பட்ட வாட்டும் கிடைக்காது. நீரும் மின்சாரமும் ஒன்றாகப் புழங்கும் கருவியாதலால், நில இணைப்பு இல்லாத வீட்டில் இதை இயக்கவே கூடாது.

இவற்றை எடுத்துரைத்தபின், "தம்பி, கடைக்காரரிடம் கேட்டு, இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாரும்" என்றோம். அவரும் தம் விரிப்பு ஒன்றைக் கொண்டுபோய், இரு பகுதிகளில் ஒரே அளவு நீரைத் தெளித்து, ஒவ்வோர் இயந்திரமும் மீட்ட அழுக்குநீரைத் தனித்தனியே அளந்து பார்த்தார். தெளித்த நீருக்கும் மீண்ட நீருக்கும் உள்ள வேறுபாடே விரிப்பில் தங்கும் ஈரம். அதுவே நாற்றத்திற்கும் பூஞ்சைக்கும் காரணம். பெரியது சற்றுக் கூடுதலாக மீட்டது. சிறியதைக் கொண்டு, நீர் தெளிக்காமல் இன்னொரு முறை மெதுவாக இழுத்தபோது, அந்தக் குறையும் ஏறக்குறைய நீங்கியது. ஆகவே கடன் வாங்காமல் சிறியதையே வாங்கினார். கையில் மிஞ்சியதைக் கொண்டு நில இணைப்பைச் சரிசெய்து, அன்னையை மருத்துவரிடமும் அழைத்துச் சென்றார்.

வரலாற்றில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1901-இல் இங்கிலாந்தில் பூத் என்பவர் அமைத்த முதல் உறிஞ்சும் இயந்திரம் குதிரைகள் இழுத்துச் செல்லும் அளவு பெரியது. வீதியில் நின்றபடி நீண்ட குழாய்களை வீட்டிற்குள் செலுத்தும். ஆனால் கையாலே தள்ளும் சிறு இயந்திரத்தை அமெரிக்காவில் அமைத்து, 1908-இல் காப்புரிமை பெற்ற ஸ்பாங்லர், ஒரு கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் பணியாளர். தூசியால் ஆஸ்துமா மிகுந்து துன்புற்றவர். விசிறி மோட்டார், மரப்பெட்டி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டே அதைச் செய்தார். ஒரு தொழிலாளியின் இருமலிலிருந்தே இக்கருவி பிறந்தது எனலாம்.

மறுமுறை நாம் சென்றபோது, அத்தாயார் ஓரமாக அமர்ந்திருந்தார். "மிஷின் வந்துட்டா எனக்கு என்ன வேலை சாமி?" என்று கேட்டார். நகைத்தாரேனும், குரலில் அச்சம் இருந்தது. எந்த விரிப்புக்கு எந்த முறை என்பதை அவரன்றி யார் அறிவார் என்று மகனை நோக்கினோம். பவானி ஜமக்காளம் போன்ற பருத்தி விரிப்பை நீரில் அலசி வெயிலில் உலர்த்தலாம். சாயம் இறங்குமா என்பதை முதலில் ஓரத்தில் நனைத்துப் பார்க்கவேண்டும். அடியில் ரப்பர் ஒட்டிய செயற்கை இழை விரிப்புக்கே இயந்திரம் பெரிதும் உதவும். மகன் எழுந்து இயந்திரத்தின் கைப்பிடியை அன்னையிடம் கொடுத்தார். அவர் அவசரமின்றி, கோலம் இழுப்பதுபோல் நேராக இழுத்தார். தூசி எழவில்லை. அவரும் இருமவில்லை.

அன்பர்களே, வீட்டிற்கு ஒரு கருவி வாங்குமுன் அதன் வலிமை எவ்வளவு என்று கேட்கிறோம். அது யாருடைய சுமையைக் குறைக்கப் போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்போமாக.