பிரிக்பீல்ட்ஸில் சிவப்பு, கிள்ளானில் நீலம்

பத்தாண்டுகளுக்கு மேலிருக்கும். தீபாவளிக்குப் பதினைந்து நாள்தான் பாக்கி. கிள்ளான் லிட்டல் இந்தியாவில், ஜாலான் தெங்கு கிளானாவை ஒட்டிச் சேலைக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் அழைத்தார். உறவில்லை, பழக்கம்தான்.

"தம்பி, கடை வாசல்ல பெரிய டிவி மாட்டிருக்கேன். புதுச் சேலையெல்லாம் அதுல வரிசையா ஓடணும். செஞ்சு குடு."

இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து இரண்டே இரவில் நிரலை எழுதிவிட்டேன். பயன்படுத்தியது எஸ்டிஎல் என்னும் நிரலகம். திரையில் படம் வரைவது, ஒலி எழுப்புவது போன்ற வேலைகளை எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி செய்ய வைப்பதற்காக சாம் லன்டிங்கா என்பவர் 1998-இல் வெளியிட்டது. இலவசம். விளையாட்டு எழுதுகிறவர்கள் பலருக்கு அதுதான் முதல் பள்ளிக்கூடம்.

என் மடிக்கணினியில் சேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழகாக வந்தன. பதிவிறக்கியை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினேன். கடையில் டிவிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கணினிப் பலகை. நிரலை அதில் ஏற்றி ஓடவிட்டு, படம் நகர்வதைப் பார்த்ததும் எதிரே தே தாரே குடிக்கப் போய்விட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். நிறத்தை நின்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை அக்காவின் குரலில் சூடு. காப்பாரிலிருந்து வந்த ஒரு அம்மா, டிவியில் பார்த்த 'கருநீலப் பட்டு'தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க, கடைப்பெண்கள் அலமாரியையே கீழே இறக்கித் தேடியிருக்கிறார்கள். அப்படியொரு சேலை கடையிலேயே இல்லை! அது அரக்குச் சேலை. அந்த அம்மா வெறுங்கையோடு போய்விட்டார். "மாடல் பொண்ணு மூஞ்சிகூட கிருஷ்ணர் வேஷம் போட்ட மாதிரி இருக்கு தம்பி" என்றார் அக்கா.

ஓடினேன். அரக்கு நீலமாகியிருந்தது, மாம்பழ மஞ்சள் வானநீலம். முடிச்சை அவிழ்த்தது நானில்லை, மடித்துக்கொண்டிருந்த ஒரு கடைப்பெண். "அண்ணே, கிளிப்பச்சை மட்டும் சரியா வருதே?"

அந்த ஒரு வரி போதும். திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களின் கலவை. புள்ளி ஒன்றுக்கு 32 பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கோடியிலிருந்து எண்ணினால், என் மடிக்கணினியில் முதல் 8 பெட்டி நீலத்துக்கு, அடுத்த 8 பச்சைக்கு, அதற்கடுத்த 8 சிவப்புக்கு. மீதி 8 சும்மா கிடக்கும். அக்காவின் கடைப் பலகையிலோ சிவப்பு முதலில், நீலம் மூன்றாவதில். பச்சை மட்டும் இரண்டிலும் நடுவில். அதனால்தான் கிளிப்பச்சை தப்பித்தது.

இதைத் திரையிடமே கேட்டிருக்கலாம். எஸ்டிஎல்லின் அன்றைய பதிப்பில் 'கெட் வீடியோ இன்ஃபோ' என்று ஒரு கட்டளை உண்டு. கூப்பிட்டால், புள்ளிக்கு எத்தனை பிட், எத்தனை பைட், சிவப்பு எந்தப் பெட்டிகளில், பச்சை எதில், நீலம் எதில் என்று ஒரு அட்டவணையை நீட்டும். நான் கேட்கவில்லை. என் வீட்டில் எப்படியோ அப்படித்தான் ஊரெல்லாம் இருக்கும் என்று நினைத்து, வேகமாக ஓடட்டுமே என்ற ஆசையில் திரையின் நினைவகத்தில் நேரடியாக எண்களைக் கொட்டியிருந்தேன். நிரலகத்தின் வழியாகவே படத்தைக் கொடுத்திருந்தால் அதுவே சத்தமில்லாமல் மாற்றிப் போட்டிருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், எங்கும் ஒரு பிழைச் செய்தியும் வராது. கணினிக்கு அரக்கும் தெரியாது, நீலமும் தெரியாது. எண் எண்தான்.

'மேப் ஆர்ஜிபி' என்ற கட்டளையைச் சேர்த்தேன். மூன்று நிற எண்களைக் கொடுத்தால் திரைக்கு ஏற்றபடி அடுக்கித் தரும். அரக்கு திரும்பி வந்தது.

அக்கா உடனே மேல்மாடிக்கும் ஒரு டிவி மாட்டினார். அங்கே பழைய பலகை. படத்தின் இடது பாதி மட்டும் இரண்டு மடங்கு அகலமாக இழுபட்டது. மேலே கொசுவலை போட்டதுபோல் மெல்லிய கறுப்புக் கோடுகள். இந்த முறை முதலில் கேட்டேன். பதில்: புள்ளிக்கு 16 பிட், அதாவது 2 பைட். நானோ புள்ளிக்கு 4 பைட் எழுதிக்கொண்டிருந்தேன். நினைவகத்தை மிச்சம் பிடிக்க அப்படி அமைத்திருந்தார்கள்: 1920-க்கு 1080 அளவுள்ள திரைக்கு 82,94,400 பைட் பிடிப்பது, 2 பைட்டில் பாதியாகிவிடும்.

அளவைச் சரிசெய்ததும் படம் நேராக நின்றது. ஆனால் சரிகையைப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. பொன் மினுக்கம் படிப்படியாகப் பட்டை கட்டி நின்றது. 16 பிட்டில் சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5தான். பச்சைக்கு மட்டும் ஒன்று கூடுதல், நம் கண் பச்சையில்தான் நுட்பம் அதிகம் காண்கிறது. 24 பிட்டில் 1,67,77,216 நிறங்கள். இங்கே மொத்தமே 65,536. அந்த அட்டவணையில் 'லாஸ்' என்றே ஒரு கட்டம் இருக்கிறது, இழப்பு! சிவப்பில் 3, பச்சையில் 2, நீலத்தில் 3 பிட் போய்விட்டது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. இவ்வளவு நேர்மையான கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பக்கத்துப் புள்ளிகளில் நிறத்தைக் கொஞ்சம் கோலப்பொடிபோல் தூவிவிட்டுப் பட்டைகளை ஓரளவு மறைத்தேன்.

2013-இல் வந்த எஸ்டிஎல் 2-இல் அந்தப் பழைய கட்டளை இல்லை. ஒவ்வொரு திரையையும் தனித்தனியாகக் கேட்கலாம். புள்ளி வடிவத்தின் பெயரையே எழுத்தாகச் சொல்லும்.

இத்தனைக்கும் பிறகு இன்னொரு புகார். "டிவியில மெரூன், கையில எடுத்தா ரத்தச் சிவப்பு" என்று ஒரு வாடிக்கையாளர். அட்டவணையைப் பார்த்தேன், எல்லாம் சரி. எண்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்த எண்ணுக்கு டிவி எந்தச் சிவப்பை ஏற்றுகிறது என்பது அதற்குத் தெரியாது. ரிமோட்டில் யாரோ பளிச்சென்ற நிற அமைப்பை வைத்திருந்தார்கள். அதைச் சாதாரணத்துக்கு மாற்றினேன். வித்தியாசம் குறைந்தது, போகவில்லை.

அக்கா என்னைக் காத்திருக்கவில்லை. சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வாடிக்கையாளரைக் கடை முன் ஐந்தடிக்கு அழைத்துப்போய், வெயிலில் விரித்துக் காட்டினார். விற்றும்விட்டார்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னும் அழைப்பு வந்தது. "டிவி மாத்திட்டேன் தம்பி. ஒருக்கா வந்து, அதுகிட்ட என்னமோ கேப்பியே, கேட்டுட்டுப் போ."