மெனு திறக்காவிட்டால் மனுவும் கிடையாதா?



"எல்லாம் அகப்பக்கத்தில் இருக்கிறது" என்று முகப்பிடத்தில் சொல்லி அனுப்புகிறார்களே, அதைக் கைப்பேசியில் திறந்து பார்த்தீர்களா? படங்கள் ஓடும். அமைச்சர் சிரிப்பார். பாரம் எங்கே? மேல் மூலையில் மூன்று கோடுகள். அதற்குள் மெனு ஒளிந்திருக்கிறது. புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் (நமக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) எத்தனை தாய்மார்களுக்கு இது தெரியும்?

தொட்டும் திறக்கவில்லையா? பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்தை மறுபடியும் ஏற்றுங்கள். கைப்பேசியைப் படுக்கை வாட்டில் திருப்புங்கள். குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் மெனு முழுதாக விரியும். அப்படியும் திறக்காவிட்டால் கோளாறு அவர்களுடையது! திரையைப் படம் பிடித்து, நாள், நேரத்தோடு முகப்பிடத்தில் காட்டி, "பாரத்தைக் கையில் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

இது சின்ன விஷயமா? 2024 ஜனவரி 2-இல் 'பாடு' எனும் மத்தியத் தரவுத்தளப் பதிவைத் தொடங்கினார்கள். மார்ச் 31-இல் மூடிவிட்டார்கள். மூன்றே மாதம்! 2011-இல் 'மைடஃப்தார்' இயக்கம் நடத்தி, பிறப்புப் பத்திரமும் ஐசியும் இல்லாத நம்மவர்களைப் பதிந்தார்கள். பத்திரமில்லாத பிள்ளைகளின் அவதியை அன்றே ஒப்புக்கொண்டவர்கள், இன்று வாசலை மூன்று கோட்டுக்குள் வைத்துப் பூட்டலாமா?

தமிழைக் கேட்டால் தேசிய மொழி என்பார்கள். அதை நாம் மதிக்கிறோம். பாரம் மலாயிலேயே இருக்கட்டும். எங்கே தொட வேண்டும் என்று தமிழில் நாலு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? 2020-இல் கொரோனா வந்தபோது சுகாதார அமைச்சு தமிழிலும் அறிவிப்பு போட்டதே! நோய்க்கு மட்டும்தான் தமிழா?

கோலசிலாங்கூர் முகப்பிடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். நாலைந்து குடும்பமாகப் போங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வாருங்கள்.