விழியும் மென்வில்லையும்

பிராக் நகரத்து இரசாயன அறிஞர் ஒட்டோ விக்டர்லே 1961 இல் விளையாட்டுப் பொறித்துண்டுகளாற் கருவியமைத்து வார்த்த மென்வில்லையை இன்று நம் மாணவரும் அணிகின்றனர். மூக்குக்கண்ணாடியின் இலக்கத்தைச் சொல்லி அதனை வாங்கிவிடலாம் என்பது பொருந்தாது.

கருவிழியை மூடிய தெளிந்த படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. அது பிராணவாயுவைக் கண்ணீர் வழியே காற்றிலிருந்து பெறுகின்றது. ஆதலின் கண் வைத்தியர் கண்ணீரையும் இமைகளையும் சோதித்து, விழியின் வளைவை அளந்த பின்னரே வில்லையை அணிவிப்பார். சிறிது நேரம் கழித்து, இமைக்குந்தோறும் அஃது அரை மில்லிமீற்றரளவு நகர்கின்றதா என நோக்குவார். நகராது இறுகிய வில்லை கண்ணீரோட்டத்தைத் தடுக்கும்; மிக நகர்வது பார்வையைக் கலக்கும்.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: சோதனையின்றி வில்லை வாங்காதீர், அதனைக் கிணற்று நீரிற் கழுவவோ, அணிந்தபடி உறங்கவோ பிள்ளைகளை விடாதீர். கிருமி புகுந்தாற் பார்வையே கெடும்.