ஓடையும் மடையும்

“ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும்” என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். கணிப்பொறி அறிவியல் பயிலும் எனக்கோ, அந்த நாய்தான் அறிவாளியாகத் தோன்றுகிறது. நினைவகம் கொள்ளாத பெரிய கோப்பை ஒரே மடக்கில் விழுங்க முயன்ற என் நிரல், ஆய்வகத்தில் பாதியிலேயே நின்றுபோயிற்று. வரிவரியாகப் பருகியிருந்தால் பிழைத்திருக்கும்.

இப்படிச் சிறிது சிறிதாகப் பெற்றுச் செயலாற்றுவதே ‘ஸ்ட்ரீமிங்’. ஒரு நிரலின் விடையை அடுத்த நிரலுக்குக் குழாய்வழி அனுப்பும் முறை யுனிக்ஸில் 1973லேயே வந்துவிட்டது. 1990இல் முதல் அறிக்கை வெளியான ஹாஸ்கெல் மொழியோ, தேவை வரும்வரை எதையும் கணக்கிடாத ‘சோம்பல்’ மொழி. இதுவன்றோ நமக்கேற்றது என்று மகிழ்ந்தேன். கோப்பைத் திறந்தேன், படிக்கச் சொன்னேன், மூடினேன், பிறகு வரிகளை எண்ணச் சொன்னேன். வந்தது பிழைச்செய்தி! பிறகு படிக்கலாம் என்று சோம்பியிருந்த மொழி, படிக்கப் போனபோது கதவு சாத்தியிருந்தது.

என் தந்தையார் எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். வயல் கேட்கும்போது மடையைத் திறப்பார்; நிறைந்ததும் அடைப்பார். நீர் தானாக வந்துவிடும் என்று படுத்திருக்க மாட்டார். எந்த மடை எப்போது திறந்தது என்று கேட்டால் உடனே சொல்வார்.

‘ஃப்ரீ மோனாட் டிரான்ஸ்ஃபார்மர்’ என்னும் பெயரை முதலில் கண்டபோது, “இது நம்மைப் போன்றவர்களுக்கு அன்று” என்று பக்கத்தை மூடிவிட்டேன். மறுநாள் பொறுமையாகப் படித்தேன். அதில் ஒவ்வொரு படியிலும் முதலில் ஒரு செயல் நடக்கிறது: கோப்பிலிருந்து ஒரு வரி படிப்பது போல. அச்செயலின் விடை இரண்டில் ஒன்று. ‘முடிந்தது’ என்பது ஒன்று. ‘இதோ ஒரு பொருள், மீதி ஓடை இது’ என்பது மற்றொன்று. மீதி ஓடை இன்னும் ஓடவில்லை, கேட்டால்தான் ஓடும். அட, இது அப்பாவின் மடையல்லவா!

“ஒரு சாதாரண சுழற்சி போதாதா?” என நண்பர்கள் கேட்கலாம். சிறு வேலைக்குப் போதும். ஆனால் சுழற்சியில் படித்தல், மாற்றுதல், எழுதுதல் மூன்றும் பின்னிக்கிடக்கும். ஓடையில் அவற்றைத் தனித்தனியே எழுதி, வேண்டியபடி இணைக்கலாம். குறையும் உண்டு: பாதியில் நிறுத்தினால் கோப்பை மூடும் பொறுப்பைத் தனியே கவனிக்க வேண்டும். எனினும் எந்தச் செயல் எப்போது நடக்கிறது என்பது இங்கே வெளிப்படை. மறைந்து நடக்கும் வசதியைவிட, தெரிந்து நடக்கும் உழைப்பே மேல் என்பது என் துணிபு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரலை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறோம்; மதிப்பெண்ணும் வருகிறது. செய்முறை வகுப்பில் ஒரு நாளாவது, நினைவகத்தில் அடங்காத கோப்பு ஒன்றைத் தந்து எங்களைத் திணறவிடுங்கள். மடை எங்கே என்று நாங்களே தேடுவோம்.

நண்பர்களே, பெயர் கடினமாயிருந்தால் பொருளும் கடினம் என்று எண்ணாதீர்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் நான், அந்தப் பொருளை என் வீட்டிலேயே கண்டேன்.