முவெட் தேர்வும் ஆங்கிலச் சொல்வளமும்: பட்டியலை விடச் செய்தியே துணை

பொதுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் தவிர்க்க முடியாத தேர்வு முவெட். 1999இல் அறிமுகமான இந்தத் தேர்வு, 2021 முதல் செஃபர் எனும் ஐரோப்பிய மொழித்தர அளவீட்டுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளும் அதே ஆண்டில் அதே அளவீட்டுக்கு மாறியது. முவெட்டில் பேண்ட் 4 என்பது பி2 நிலை. பேண்ட் 5 என்பது சி1 நிலை.

இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை, கடினமான சொற்களை மனப்பாடம் செய்து கடந்துவிடலாம் எனப் பலர் நினைக்கிறார்கள். அது சரியான வழிதானா?

'ப்ளெத்தரா' என்ற சொல்லைப் பாருங்கள். 'நிறைய' என்று பொருள் கொண்டு, நன்மைகளைப் பட்டியலிடும் கட்டுரையில் மாணவர்கள் இதைச் சேர்க்கிறார்கள். ஆனால், தேவைக்கு மேல் மிகுந்து கிடப்பது என்பதே அதன் அடிப்படைப் பொருள். பொருத்தமில்லாத இடத்தில் விழும் பெரிய சொல் கட்டுரையை உயர்த்தாது. சி1 நிலை எதிர்பார்ப்பது அரிய சொல்லை அல்ல, துல்லியமான சொல்லை.

எவ்வளவு சொல் வேண்டும்? நியூசிலாந்து ஆய்வாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்களே உள்ளன. உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய 10 விழுக்காடு இவைதாம். ஒரு நாளைக்கு இரண்டு குடும்பம் என்றால், பத்து மாதத்திற்குள் முடித்துவிடலாம்.

அவற்றை நினைவில் நிறுத்த உள்ளூர்ச் செய்தியே நல்ல இடம். மூன்று சொற்களைப் பார்ப்போம்.

மிட்டிகேட்: பாதிப்பின் கடுமையைக் குறைத்தல். முற்றாகத் தடுத்தல் அல்ல. 2007இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கம் வெள்ளத்தைத் தணிக்கவே கட்டப்பட்டது.  தணிப்பு வேறு, தடுப்பு வேறு.
எடுத்துக்காட்டு: த டனல் மிட்டிகேட்ஸ் ஃபிளட்ஸ் இன் த சிட்டி சென்டர்.

ராஷனலைஸ்: சீரமைத்தல். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. இதை அரசு 'உதவித்தொகைச் சீரமைப்பு' என்றது. எண்ணெய் நிலையத்தில் நின்றவருக்கு அது விலை உயர்வு. தன் செயலுக்குச் சாக்குச் சொல்லி நியாயப்படுத்துவதையும் இதே சொல் குறிக்கும்.
எடுத்துக்காட்டு: த கவர்ன்மென்ட் ராஷனலைஸ்ட் டீசல் சப்சிடிஸ்.

எலிஜிபிள்: தகுதி பெற்ற. பின்னால் 'ஃபார்' வரும். 2025 செப்டம்பர் 30 அன்று அனைவருக்கும் விரிந்த புடி95 திட்டத்தில் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். மைகார்டும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ளவர்களுக்கான சலுகை இது.
எடுத்துக்காட்டு: மை ஃபாதர் இஸ் எலிஜிபிள் ஃபார் புடி95.

நம் மாணவர்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாயில் இடைநிலைக் கல்வி பயின்றவர்கள் 'இம்ப்ளிகாசி', 'கொன்சிஸ்தென்', 'சிக்னிஃபிகன்', 'மித்திகாசி' போன்ற சொற்களை ஏற்கெனவே அறிவார்கள். இவற்றின் ஆங்கில இணைகள் கல்விசார் ஆங்கிலத்தில் அடிக்கடி வருபவை. மலாயை ஆங்கிலத்திற்கு எதிரியாகப் பார்க்காமல் ஏணியாகப் பயன்படுத்தலாம். ஆனால் கவனம் தேவை: மலாய் 'பிரெஸ்தாசி' அடைவுநிலையைக் குறிக்கும், ஆங்கில 'பிரெஸ்டீஜ்' மதிப்பைக் குறிக்கும்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் முவெட் டியூஷனுக்குப் பணம் கட்டக்கூடிய குடும்பங்கள் உண்டு; முடியாத குடும்பங்களும் உண்டு. மருத்துவம், சட்டம் போன்ற துறைகள் உயர்ந்த பேண்ட் கேட்கும்போது, இந்த வேறுபாடு எதிர்காலத்தையே தீர்மானிக்கக்கூடும். பொது நூலகத்து நாளிதழுக்குக் கட்டணம் இல்லை. ஒரே செய்தியைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வாசியுங்கள். புதிய சொல்லுக்கு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: பொருள், மலாய் இணை, உடன் வரும் சொல், நீங்களே அமைத்த வாக்கியம். ஒரு வாரம் கழித்து நோட்டைப் பார்க்காமல் அந்த வாக்கியத்தை மீண்டும் எழுத முடிந்தால், அந்தச் சொல் தேர்வு அறையிலும் கைகொடுக்கும்.