‘அன்றும் இன்றும்’ படங்களில் நம் தெரு எங்கே?

ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் என் கைபேசி பழுப்பு நிறத்துக்கு மாறிவிடும். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பழைய சென்னைப் படங்கள் வரிசைகட்டும். இடது பக்கம் டிராம் ஓடும் மவுண்ட் ரோடு, வலது பக்கம் மெட்ரோ நிலையம் முளைத்த அண்ணா சாலை. இடது பக்கம் மூர் மார்க்கெட், வலது பக்கம் புறநகர் ரயில் முனையம். கீழே யாராவது ஒருவர் கட்டாயம் எழுதியிருப்பார்: “எவ்வளவு சுத்தமா இருந்த ஊரு!” அடுத்தவர் எழுதுவார்: “அப்பல்லாம் இவ்ளோ கூட்டம் கிடையாது.”

எனக்கும் இந்தப் படங்கள் பிடிக்கும். சேமித்தும் வைத்திருக்கிறேன். 1953இல் நின்றுபோன டிராமைப் பார்க்கும்போது நான் ஏறாத வண்டிக்காக நானே ஏங்கியிருக்கிறேன். போன ஆண்டு அப்படி ஒரு படத்தை என் ஆயாவிடம் காட்டினேன். சென்ட்ரல் ரயில் நிலையம், மணிக்கூண்டு, முன்னால் அகலமான சாலை, ஒரு மாட்டுவண்டி. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தவர் கேட்டார்: “இது இன்னாடா, ஆளே இல்லாத ஊரு?”

ஆயா கேட்ட கேள்விக்கு ஒரு தொழில்நுட்பப் பதில் உண்டு. 1850களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசுக்காக லின்னேயஸ் ட்ரைப் படம் எடுத்த காலத்தில், ஒரு படம் பதிவாகக் கேமராவின் கண் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். அசையாமல் நின்றது மட்டுமே படத்தில் நிற்கும். கோபுரம் நிற்கும், தூண் நிற்கும், மரம் நிற்கும். தலையில் கூடையோடு நடந்தவர், வண்டி இழுத்தவர், துடைப்பத்தோடு குனிந்து நிமிர்ந்தவர் ஒன்று புகையாகக் கலங்கியிருப்பார், அல்லது இல்லாமலே போயிருப்பார். தெருவில் வேலை செய்த கை அசைந்துகொண்டே இருந்ததால் அந்தக் கை பதிவாகவில்லை.

ஆனால் இது பாதிப் பதில்தான். கேமரா வேகம் பிடித்த பிறகும், வீல் அண்ட் க்ளைன் போன்ற மெட்ராஸ் ஸ்டுடியோக்கள் அஞ்சலட்டைகளாக அச்சடித்து விற்ற காலத்திலும், எந்தத் தெருவில் முக்காலியை நிறுத்துவது என்பதை ஒருவர் முடிவு செய்தார். அவர் நிறுத்திய இடங்கள் கோட்டை, உயர் நீதிமன்றம், ஸ்பென்சர், மயிலாப்பூர் குளம். புளியந்தோப்புக்குள் முக்காலி தூக்கிக்கொண்டு அதிகம் பேர் போனதாகத் தெரியவில்லை. நம் ஆட்கள் படம் பிடிக்கப்படவே இல்லை என்பதல்ல. 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ என்ற படத்தொகுப்பைப் பாருங்கள். கட்டடத்துக்குப் பெயர் உண்டு, கட்டிய ஆண்டு உண்டு. மனிதருக்கு அடியில் சாதிப் பெயர் மட்டும். வீட்டு முகவரி இல்லாமல், வெறும் சுவரை ஒட்டியோ துணித் திரைக்கு முன்னாலோ நிற்கவைக்கப்பட்ட ‘மாதிரி’கள் அவர்கள். தெருவுக்கு ஒரு படம், சாதிக்கு ஒரு படம் என்று இரண்டு தனித்தனி அடுக்குகள். நாம் இன்று பகிர்வது முதல் அடுக்கை மட்டும்தான்.

இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அந்தத் தெரு புரியும். ஏனென்றால் மெட்ராஸ் தெரு என்பது தொடக்கத்திலிருந்தே சாதியால் அளக்கப்பட்ட தெரு. 1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகள் யாருடைய கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று மோதிக்கொண்டன. ஆளுநர் தாமஸ் பிட் என்ன செய்தார்? தெரு எல்லோருக்கும் பொது என்று சொல்லவில்லை. பெத்துநாயக்கன்பேட்டை ஒரு தரப்புக்கு, முத்தியால்பேட்டை இன்னொரு தரப்புக்கு என்று பிரித்துக் கொடுத்தார். கும்பெனிக்குத் துணி வியாபாரம் தடையில்லாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். கறுப்பர் நகரத்துக்குள்ளேயும் கோடுகள் இருந்தன, அந்தக் கோடுகளுக்கும் வெளியே சேரி இருந்தது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

பொதுச் சாலையில், பொதுத் தெருவில் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். அது அரசாணையாகவும் வந்தது. கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். உங்களுக்கு வந்த பழுப்புப் படத்தில் 1890 என்றோ 1905 என்றோ போட்டிருந்தால், அந்த மாகாணத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட காலத்துத் தெரு அது. “அப்பல்லாம் கூட்டம் கிடையாது” என்பவருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். 1901 கணக்கெடுப்பின்படியே இந்த நகரத்தில் ஐந்து லட்சம் பேர் இருந்தார்கள். கூட்டம் இருந்தது. எந்தத் தெருவுக்குள் வரலாம் என்பதில்தான் கட்டுப்பாடு இருந்தது.

‘சுத்தம்’ என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. திண்ணையும் தூணும் ஓட்டுக்கூரையுமாகப் பழைய வீடுகளின் முகப்பைப் பார்த்து உருகுகிறோம். அந்த வீடுகள் பலவற்றின் முதுகுப்புறம் ஒரு குறுகிய சந்து ஓடும். எடுப்புக் கக்கூஸுக்கு வந்து போகிறவர்களுக்கான வழி அது. முன்வாசல் தெருவில் அவர்கள் கால் படக் கூடாது என்பதற்காகவே நகரத்தின் வரைபடத்தில் போடப்பட்ட இரண்டாவது தெரு. முன்தெருவின் சுத்தம் அந்தப் பின்சந்தின் உழைப்பில் நின்றது. முன்தெருவுக்கு நூறு அஞ்சலட்டை கிடைக்கும். பின்சந்துக்கு ஒரு படம் யாராவது வைத்திருந்தால் அனுப்புங்கள், நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரிப்பன் மாளிகை இந்த ‘அன்றும் இன்றும்’ வரிசையில் தவறாமல் வரும் கட்டடம். 1913இல் திறந்த வெள்ளை மாளிகை, இன்றும் அதே வெள்ளை. மாற்றம் என்று காட்ட அதில் பெரிதாக எதுவும் இல்லை, அதனாலேயே எல்லோருக்கும் பிடிக்கும். 2025 ஆகஸ்டில், மெட்ராஸ் தினத்துக்கு முந்தைய வாரங்களில், அந்த மாளிகையின் எதிரே நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது கோரிக்கை. பெரும்பான்மையும் பெண்கள், பெரும்பான்மையும் தலித்துகள். ஆகஸ்ட் 13 இரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அடுத்த வாரம் மெட்ராஸ் தினத்துக்கு ரிப்பன் மாளிகைப் படம் எனக்கு மூன்று குழுக்களில் வந்தது. நடைபாதை காலியாக இருந்தது. ட்ரைப்பின் கேமரா அசைந்தவர்களை விட்டுவிட்டது. இங்கே உட்கார்ந்திருந்தவர்களை வண்டி வைத்து ஏற்றிப்போக வேண்டியிருந்தது.

இன்னொரு படத்தொகுப்பைச் சொல்லாமல் பழைய மெட்ராஸ் படங்களைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள். எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தவை. இங்கே மட்டும் யாரும் கலங்கலாகப் பதிவாகவில்லை. அசையும் தெம்பு அவர்களுக்கு இல்லை. இந்தப் படங்களை யாரும் மெட்ராஸ் தினத்துக்குப் பகிர்வதில்லை, பகிரவும் வேண்டாம். ஆனால் அந்தப் பஞ்சத்தின் ‘இன்று’ நம் கண்முன் ஓடுகிறது. பஞ்ச நிவாரண வேலையாக, சோற்றுக்குக் கூலியாக, 1877–78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. கூலி விவசாயிகள்தான் அந்தப் பஞ்சத்தில் முதலில் விழுந்தார்கள் என்பதும், அவர்களில் சேரி மக்கள் எவ்வளவு என்பதும் தெரிந்த கதை.

அந்தக் கால்வாயின் பழைய படங்கள் அழகானவை. படகு, தென்னை, தண்ணீரில் விழும் நிழல். பக்கத்தில் இன்றைய கறுப்புத் தண்ணீர். கீழே வரும் கருத்துகளில் பாதி, கரையோரக் குடிசைகளைத் திட்டும். நகரத்தின் கழிவுநீர் முழுக்கக் கூவத்திலும் கால்வாயிலும் கலக்கும்போது கரையில் குடியிருப்பவர் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆகிறார்? பறக்கும் ரயிலுக்காகக் கால்வாயின் நடுவிலேயே தூண்களை இறக்கியது அரசு. அதற்கு ‘வளர்ச்சி’ என்று பெயர். அதே கரையில் தலைமுறைகளாக இருந்த வீடுகளுக்கு ‘ஆக்கிரமிப்பு’ என்று பெயர். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாயோரம் கோவிந்தசாமி நகரை இடிக்க வந்தபோது, அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். பட்டினியில் கிடந்தவர்கள் வெட்டிய கால்வாயின் கரையில் நடந்தது இது.

வெளியேற்றத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பது முதன்மையான வழியாக இருந்தது. குறைகள் ஆயிரம் உண்டு, ஆனாலும் வேலைக்கு நடந்து போக முடிந்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்குத் தள்ளுவதே நடைமுறையானது. 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், சென்ட்ரலுக்கு அருகே கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர் இடிக்கப்பட்டது. இந்த மண்ணின் முதன்மையான தலித் பெண் தலைவர்களில் ஒருவர், மாநிலத்திலும் ஒன்றியத்திலும் அமைச்சராக இருந்தவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பு. சென்ட்ரலின் ‘அன்றும் இன்றும்’ படங்களை நூறு பார்த்திருப்பேன். ஒன்றில்கூட அந்த நகர் இருந்த கரை இல்லை. ஊர்ப் பெயரில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. நல்லது, வரவேற்கிறேன். சொல்லை எடுக்கும் அதே கையால் சேரியை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, வேறு பெயர் வைத்த இடத்தில் மொத்தமாகக் குவிப்பதை என்னவென்று சொல்வது?

என் பெரியம்மா வீடும் இப்படி ஒரு கரையில்தான் இருந்தது. அவரிடம் ஒரே ஒரு ‘அன்று’ படம் உண்டு. கணக்கெடுக்க வந்தவர்கள் எடுத்தது. கதவில் பெயின்டால் போட்ட எண், முன்னால் பெரியப்பா, பெரியம்மா, இரண்டு அண்ணன்கள், கையில் அதே எண் எழுதிய சீட்டு. சிரிக்கலாமா என்று பெரியம்மா கேட்டாராம், ஆடாமல் நில்லுங்க என்றாராம் அந்த ஊழியர். வீட்டை இடிக்கும் முன்பு அந்த வீட்டை யாராவது ஒருவர் படம் எடுத்தது அப்போதுதான். அதன் நகலை ரேஷன் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். மாற்று வீட்டுக்கு அதுதான் சான்று என்பதால் லேமினேஷன்கூடப் போட பயம், ஏதாவது அலுவலகத்தில் “ஒரிஜினல் இல்லை” என்று சொல்லிவிடுவார்களோ என்று.

பழைய படம் சேகரிப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு, சண்டை இல்லை. கட்டடத்தின் பெயரோடு அந்தத் தெருவைக் கூட்டியவர், அதை ஒட்டி இருந்த குடியிருப்பு, அது எப்போது காலி செய்யப்பட்டது என்பதையும் தேடி எழுதுங்கள். அரசின் பாரம்பரியப் பட்டியலில் மணிக்கூண்டுகளும் மாளிகைகளும் இருக்கட்டும். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ அச்சிட்ட ராயப்பேட்டையும், 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது வீடுகள் எரிந்த புளியந்தோப்பும் இந்த நகரத்தின் தெருக்கள்தான். இளைய தோழர்களிடம் இன்னும் எளிய கோரிக்கை. வீட்டில் இருக்கும் கணக்கெடுப்புப் படம், டோக்கன், இடிப்பு நோட்டீஸ், பழைய முகவரி போட்ட அஞ்சலட்டை எது கிடைத்தாலும் கைபேசியில் நகலெடுத்து, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். ஆயா இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

நான் அப்படித் தொடங்கினேன். போன மாதம் பெரியம்மா வீடு இருந்த இடத்துக்கு அந்தப் படத்தோடு போனேன். பாலத்தின் மேலிருந்துதான் பார்க்க முடிந்தது. கீழே கம்பிவேலி, வரிசையாக நட்ட செடிகள், நடைபாதைக்குப் போட்ட கல். கதவு எங்கே இருந்திருக்கும் என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. காலை நாலரைக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி வீட்டு வேலைக்குப் போகிறவர், மதியம்தான் கைபேசியைப் பார்ப்பார். மதியம் குரல் பதிவு வந்தது: “நீ தப்பா நின்னு எடுத்துக்கீறடா. இன்னும் நாலு எட்டு இந்தாண்ட வா. தண்ணி பைப்பு இருந்த எடம் தெரியும் பாரு.”