கணிமைக்கும் கையொப்பம் வேண்டும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், நிலத்துக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965ஆம் ஆண்டு வளிமண்டல நியூட்ரினோவின் தடம் பதிவாயிற்று. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், டர்ஹாம் பல்கலைக்கழகமும் கூடி நடத்திய ஆய்வு அது. முதலில் கிடைத்த நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றை ஆராயப் பெருங்கணினிக் கூடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இன்று அந்நிலை இல்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்துத் துகள் மோதுவிப்பானில் புரோட்டான் கற்றைகள் நொடிக்கு 4 கோடி முறை குறுக்கிடுகின்றன. மிகச் சிறு பங்கையே வடிகட்டி வைத்தும், செர்னின் வட்டுச் சேமிப்பு 2023இல் ஓர் எக்ஸாபைட்டை, அதாவது நூறு கோடி ஜிகாபைட்டை, எட்டிக் கடந்தது. இச்சுமையை ஒரு கூடம் தாங்காது என்று முன்னறிந்தே, மோதுவிப்பான் இயங்குவதற்கு ஏழாண்டு முன்னதாக, 2001இல், பல நாட்டுக் கணினிகளைப் பிணைக்கும் கிரிட் திட்டத்துக்குச் செர்ன் மன்றம் ஒப்புதல் அளித்தது. மூலத்தரவைக் காப்பவர், அதன் நகலை நாடாவில் வைப்பவர், பகுப்பாய்வுக்கு இடந்தருபவர் என அத்திட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் கடமை வரையறுக்கப்பட்டுள்ளது. தரவிருக்கும் செயலி, வட்டு, நாடா ஆகியவற்றின் அளவை ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் முன்கூட்டியே உறுதியளிக்கிறது. மும்பை டாடா நிறுவனமும் கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் இரண்டாம் நிலைக் கூடங்களாய் அவ்வுறுதிக்கு உட்பட்டவை. இத்தகைய கூடங்கள் 95 விழுக்காடு நேரம் இயங்கியாக வேண்டும்.

முன்னேற்பாடு தங்கவயலுக்குப் புதிதன்று. சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கடந்து 1902இல் அங்கே மின்சாரம் வந்தபோது, மைசூர் அரசும் சுரங்க நிர்வாகமும் உடன்படிக்கை எழுதிக்கொண்ட பின்னரே கம்பங்கள் நடப்பட்டன. ஆய்வுக்கூடத்துக்கோ அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. அது சுரங்கத்தின் ஒண்டுக்குடியாகவே வாழ்ந்தது. 140 டன் கருவியைக் கொண்டு புரோட்டான் சிதைவைத் தேடிய ஆய்வும் தங்கத்தின் வரவு செலவையே நம்பி நின்றது. ஆழ்நிலைகள் கட்டுப்படியாகாமற்போகவே 1990களின் தொடக்கத்தில் அங்கே ஆய்வு முடிவுற்றது. 2001 பிப்ரவரியில் சுரங்கமும் மூடப்பட்டது. இயற்பியலுக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் கணக்கர்.

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் 50,000 டன் இரும்புக் கருவியுடன் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகம் 2015இல் ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்றும் மக்கள் எதிர்ப்பால் தடைப்பட்டு நிற்கிறது. மலையையும் காட்டையும் பற்றிய அவ்வச்சத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. எனினும் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவுள்ள ஈர்ப்பலை ஆய்வகமான லைகோ-இந்தியா 2023இல் கட்டுமான ஒப்புதல் பெற்றுவிட்டது. இத்தகைய பணிகளில் குகையும் கருவியும் நிதியறிக்கையின் முதற்பக்கத்தைப் பிடிக்க, கணிமை பிற்சேர்க்கையாய்ச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. வாங்கிய கணினிகள் சில ஆண்டுகளில் பழையனவாகும். மின்கட்டணம் ஒரு மாதமும் ஓயாது. இரவில் பழுது பார்க்கும் பொறியாளருக்கு நிலையான பணி வேண்டும்.

ஆகவே இத்திட்டங்களுக்குப் பொறுப்பான அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இருபதாண்டுக் கணிமைச் செலவைத் தனித் தலைப்பில் ஒதுக்கி, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைத்தல் வேண்டும். மூலத்தரவின் நகலை வேறொரு மாநிலத்தில் காக்கும் நிறுவனம் எது, அதை எத்தனை ஆண்டு காக்கும் என்பதும் அதில் பெயர் குறித்து எழுதப்படுதல் வேண்டும்.